இரண்டு கையெழுத்தும் ஒரு சாட்சியும்

இருபத்தாறு வருடமாக எனக்கு இறந்தவர்களோடுதான் வேலை. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று பிரிவு. ஒருவர் இறந்துபோனால் அவருக்கு வாரிசு யார் யார் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் காகிதம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். மனைவி, மக்கள், அம்மா. பெயர், வயது, உறவு, கையெழுத்து. இரண்டு முறை என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு முறையும் கோப்பு நகரவில்லை என்று திரும்ப இழுத்துக்கொண்டார்கள். இதைத் தற்பெருமை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். பெருமைப்பட என்னிடம் இந்த ஒன்றுதான் இருந்தது. போன வருடம் இன்னொன்று சேர்ந்தது. அது ஒரு பிரெஞ்சுக்காரர் வழியாக வந்தது. அவரும் இறந்தவர்தான்.

அவரிடம் போவதற்கு முன் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிலத்தில் இருக்கும் கிணற்றை அப்பா தன் கையால் தோண்டினார். பாறை வந்த இடத்தில் மட்டும் வெடி வைக்க ஆள் வந்தது, மற்றதெல்லாம் அவரும் அம்மாவும். தண்ணீர் வந்தது, மோட்டார் வருவதற்குள் அப்பா போய்விட்டார். கிணறும் அது இருக்கிற நிலத்துண்டும் சித்தப்பா பெயருக்கு மாற வேண்டும் என்று ஒரு காகிதம் வந்தது. அம்மா கைநாட்டு வைத்தாள். பத்தொன்பது வயதில், அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன நான், ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து அது சித்தப்பா கிணறு. அதற்கப்புறம் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் விட்டதில்லை. இந்த வேலைக்கு நான் வந்ததே அந்த ரோஷத்தில்தான்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் எங்கள் வீடு, ஆசிரமத்துக்கு நடக்கிற தூரம். அந்தப் பக்கம் மாடி கட்டியவர்கள் எல்லோரும் மாடியை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறோம். எங்கள் மாடிக்கு ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பிரெஞ்சு அம்மா வந்தார். மூன்று மாதம் என்று சொல்லித்தான் வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், அவர் ஊரில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர். அவர் என்னை அம்மா என்பார், நான் அவரை அம்மா என்பேன். அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் என் வீட்டுக்காரர், குழப்பம் வேண்டாம் என்று அவருக்கு மாடியம்மா என்று பெயர் வைத்தார். மாடியம்மா தமிழ் கற்றது தள்ளுவண்டிக் காய்க்காரரிடம். அதனால் அவருக்கு உலகத்தில் எல்லாமே ஒன்று ஜாஸ்தி, இல்லையென்றால் கம்மி.

அவர் அறையில் ஆசிரமத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் முறுக்கு மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் படம் தொங்கும்.

"யாரும்மா இது, தாத்தாவா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாட்டியோட அப்பா. பாட்டு நாடகம் எழுதினவர்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கொள்ளுத்தாத்தா. பாட்டு நாடகத்தில் இரண்டு வகையாம். பெரிய வகையில் எல்லோரும் பாடிக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் யாராவது சாவார்கள். கொள்ளுத்தாத்தா எழுதியது இலேசான வகை. கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் பேச்சு, நிறைய ஆட்டம், கடைசியில் கல்யாணம்.

"யாரும் சாகவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப அதுல எனக்கு வேலையே இல்லம்மா" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

மாடியம்மா கொள்ளுத்தாத்தாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மொட்டைமாடியில் நான் துணி மடிக்க, அவர் அன்றைக்கு எழுதியதை எனக்குச் சொல்வார். இப்படித்தான், பிரெஞ்சில் ஓர் எழுத்து தெரியாத எனக்கு அந்த மனுஷரின் பிறப்பு வளர்ப்பெல்லாம் அத்துப்படி ஆனது. அப்பா மரப்பீப்பாய் செய்கிறவர். பையன் காலையில் சர்ச்சில் ஆர்கன் வாசித்தான், ராத்திரி ஆட்டக் கொட்டகையில் பியானோ வாசித்தான். விஷயம் தெரிந்து பாதிரியார் கூப்பிட்டு, ஏதாவது ஒன்றை விடு என்றார். பையன் சர்ச்சை விட்டான். மொத்தம் பதினொரு நாடகம். ஆறு படுத்துவிட்டன, அதில் ஒன்று முதல் நாள் இடைவேளைக்கு அப்புறம் நடக்கவே இல்லை, பார்க்க ஆள் இல்லை. கட்டியது கொட்டகையில் நடிகர்களுக்கு உடை தைக்கும் பெண்ணை. ஒரே மகள். அந்த மகள்தான் மாடியம்மாவின் பாட்டி. கொள்ளுத்தாத்தா நெஞ்சுச் சளியில் ஐம்பது வயதுக்குள் போய்விட்டார்.

பதினொன்றாவது நாடகம்தான் என்னைக் கவிழ்த்தது. நகராட்சியில் கல்யாணப் பதிவேடு எழுதும் ஒரு குமாஸ்தா. ஒரே நாளில் இரண்டு கல்யாணம். வெயிலோ தூக்கமோ, மாப்பிள்ளைகளின் பெயரை மாற்றி எழுதிவிடுகிறான். சட்டப்படி இவள் அவனுக்கு, அவள் இவனுக்கு. மூன்று அங்கமும் அந்தப் பிழையைத் திருத்துகிற ரகளைதான். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பிழை திருத்த மனு குடுத்திருந்தா ஒரு வாரத்துல முடிஞ்சிருக்குமேம்மா."

"முடிஞ்சிருந்தா பாட்டு கம்மி ஆயிடும்" என்றார் மாடியம்மா.

இரண்டாவது அங்கத்தில் அந்தக் குமாஸ்தா தனியாக உட்கார்ந்து தன் பதிவேட்டைப் பார்த்து ஒரு பாட்டுப் பாடுகிறான். ஊரே என்னால்தான் புருஷன் பெண்டாட்டி ஆகிறது, என் பெயரைக் கேட்க ஒருத்தி இல்லையே என்று. மாடியம்மா தன் சின்ன கீபோர்டில் அதை வாசிப்பார். எழுந்து ஆட வைக்கிற மெட்டு, உள்ளே மட்டும் எங்கேயோ இழுக்கும். என் வீட்டுக்காரர் பள்ளி மைதானத்தில் அதை விசிலில் ஊதுகிற அளவுக்கு எங்கள் வீட்டுப் பாட்டாகிவிட்டது. நான் அதை என் பாட்டு என்றே நினைத்துக்கொண்டேன். இத்தனை உத்தியோகம் இருக்கிறது, குமாஸ்தாவுக்குப் பாட்டு எழுதியவர் வேறு யார்?

போன வருடம் கார்த்திகைக்கு முன்னால், மாடியம்மா ஒரு காலைநேரம் கையில் டேப்லெட்டோடு படியிறங்கி வந்தார். கொள்ளுத்தாத்தாவின் சொந்த ஊர்க் கொட்டகையில் அந்தக் குமாஸ்தா நாடகத்தை மறுபடி போடப்போகிறார்கள். ஆனால் நாடகத்தை எழுதியது அவர் இல்லை, அவருடைய அண்ணன் மகன் என்று பாரிஸிலிருந்து ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதுபோல அங்கே அண்ணன் தன் மகனுக்குத் தம்பி பெயரை வைத்திருந்தார். அந்தப் பையனும் இசைக்காரன். நாடகம் முதன்முதலில் மேடையேறியபோது வாத்தியக்காரர்களை நடத்தியது அவன்தான். பழைய சுவரொட்டியில் இருப்பது இரண்டு பேருக்கும் பொதுவான பெயர். கொள்ளுத்தாத்தா எழுதிய பிரதி ஒரு தீயில் போய்விட்டது. இருப்பது யாரோ படியெடுத்தது.

"மத்த பத்து நாடகம் இப்ப யாரும் பாடறதில்ல. இதுவும் போனா அவர் இல்லவே இல்ல அம்மா" என்றார் மாடியம்மா. கொட்டகைக்காரர்கள் நிகழ்ச்சிப் புத்தகம் அச்சடிக்க இரண்டு மாதம் இருந்தது.

நான் தோசைக் கரண்டியோடு நின்றபடி அலுவலகத்தில் கேட்பதுபோலவே கேட்டேன்.

"அவரு இறந்தது எப்ப?"

சொன்னார்.

"நாடகம் மேடையேறினது எப்ப?"

அதையும் சொன்னார். இறந்து இரண்டு வருடம் கழித்து.

"அப்ப அது அவருது இல்லீங்கம்மா. செத்துப்போன தேதிக்கு அப்புறம் அவரு பேர்ல வர எதையும் நாங்க ஏத்துக்கறதில்ல."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. இறந்தவர் பெயரில் பின்தேதி போட்ட காகிதம் என்றாலே போலி என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். மாடியம்மா என்னை ஒரு முறை பார்த்தார். டேப்லெட்டை மூடிக்கொண்டு மாடியேறிப் போனார். ஒரு வாரம் கீபோர்டு சத்தமே இல்லை. காய்க்காரர்கூடக் கீழே நின்று கூப்பிட்டுவிட்டுப் போனார்.

"இன்னா, வூட்லயும் மனுவ தள்ளுபடி பண்ண ஆரம்பிச்சிட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர். "அந்தம்மா உன்ன கேட்டது தேதியா? ஆறுதல் கேட்டு வந்தாங்க. நீ ஆபீஸ கையோட எடுத்துனு வந்து நிக்கற."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் ஜாஸ்தியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை அடை சுட்டு, வேர்க்கடலைச் சட்னியோடு மாடியேறினேன்.

"ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாதும்மா. விசாரண பண்ணத் தெரியும். உங்ககிட்ட இருக்கற காகிதம் அத்தனையும் எடுங்க. ஒண்ணு விடாம."

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒவ்வொரு காகிதமாக அவர் படித்துத் தமிழில் சொல்ல, நான் ஒரு நீளப் பக்கத் தாளில் கட்டம் போட்டு எழுதினேன். இறந்தவர் பெயர், தேதி, மனைவி, மகள், அண்ணன், அண்ணன் மகன். கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை இல்லை, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் இல்லை, இருந்தாலும் என் கட்டம் கட்டம்தான். சமையல் குறிப்பு, வாழ்த்து அட்டை, பல் வைத்தியர் சீட்டு எல்லாம் வந்தது. நாடகத்தைப் பற்றி ஒன்றும் வரவில்லை. பேராசிரியர் சொன்னதுதான் உண்மையோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. நான் அதை வெளியில் சொல்லவில்லை. அந்த அளவுக்குத் திருந்தியிருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு கடைசியாக ஒரு மடித்த தாளை அவர் தனியாக எடுத்து வைத்தார்.

"இது இன்னா?"

"இது வேணாம் அம்மா. கொட்டகைக்கு எழுதின கடிதம், நகல். இதுல அவர் பேரே இல்ல. பாட்டியோட சின்ன வயசுக் கையெழுத்து இருக்கு, அதுக்காக வெச்சிருக்கேன்."

"படிங்க."

நாடகம் மேடையேறுவதற்கு ஒரு மாதம் முன் எழுதியது. இரண்டாவது அங்கம் நீளமாக இருக்கிறது, இரண்டு பாட்டை எடுத்துவிடலாமா என்று கொட்டகைக்காரர் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில். சிப்பாய்கள் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்குச் சம்மதம். குமாஸ்தா பாட்டை எடுக்கச் சம்மதம் இல்லை. நாலே வரி. கீழே இரண்டு கையெழுத்து. அதற்கும் கீழே, இடது ஓரத்தில், சின்னதாக இன்னொன்று.

"இது யாரு?"

"பாட்டியோட அம்மா."

"அவருக்குப் பக்கத்துல?"

"பாட்டி. அப்ப பத்தொன்பது வயசு."

"ஓரத்துல?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "அது அந்த அண்ணன் மகன். 'என் முன்னால் கையெழுத்திட்டார்கள்'னு எழுதியிருக்கு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அம்மா, இந்த அண்ணன் மகன் நாடகத்த எழுதியிருந்தா, பாட்ட எடுக்கலாமான்னு கொட்டகைக்காரன் இந்த ரெண்டு பொம்பளைங்ககிட்ட ஏன் கேக்கறான்?"

அவர் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"சம்மதம்னு ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கினா, அந்தப் பொருள் அவங்களுதுன்னு வாங்கறவனே ஒத்துக்கறான்னு அர்த்தம். சொந்தம் இல்லாதவங்ககிட்ட எவனும் சம்மதம் கேக்க மாட்டான். பெண்டாட்டி, பொண்ணு. எழுதினவரு செத்துட்டாரு, இவங்க ரெண்டு பேர்தான் வாரிசு. அந்த அண்ணன் மகன் சாட்சி. எழுதினவன் தன் நாடகத்துக்குத் தானே சாட்சியா நிப்பானா?"

மாடியம்மா கடிதத்தைத் திரும்பப் படித்தார். பிறகு இன்னொரு தடவை. நாற்பது வருடமாக அந்தக் காகிதம் அவர் பெட்டியில் கிடந்திருக்கிறது. அந்தக் கையெழுத்தின் வளைவையெல்லாம் அவர் அறிவார். அதை ஒரு வாரிசுக் காகிதமாக அவர் பார்த்ததே இல்லை. பார்த்திருக்க முடியாது, அது என் கண். மெதுவாக என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். பத்தொன்பது வயசு என்று அவர் சொன்னதிலிருந்தே எனக்குள் ஏதோ ஒன்று உட்கார விடாமல் பண்ணிக்கொண்டிருந்தது.

பேராசிரியருக்கான பதிலை நான் எங்கள் அலுவலக நடையிலேயே தயாரித்தேன். பார்வை ஒன்று, பார்வை இரண்டு, பார்வை மூன்று. விசாரணையில் தெரியவருவது யாதெனில். முடிவு. மாடியம்மா அதை வரிக்கு வரி பிரெஞ்சில் மாற்றினார்; 'யாதெனில்' மட்டும் எப்படிப் போனது என்று தெரியவில்லை. அந்த அண்ணன் மகன் மேல் ஒரு குற்றமும் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவன் சித்தப்பா நாடகத்தை மேடையேற்றினான், ஒழுங்காகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். குழப்பியது சுவரொட்டி.

பன்னிரண்டு நாள் பதில் இல்லை. பௌர்ணமி வந்து, கிரிவலக் கூட்டத்தில் எங்கள் சந்து அடைத்து, திறந்தது. மாடியம்மா ஒரு நாளைக்கு நாற்பது தடவை டேப்லெட்டைப் பார்த்தார். பதிமூன்றாம் நாள் கடிதத்தின் படம் கேட்டுப் பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. அண்ணன் மகனின் வேறு கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நாலு நாளில் அடுத்த பதில். தான் அவசரப்பட்டுவிட்டதாகவும், நாடகம் கொள்ளுத்தாத்தாவுடையதுதான் என்று கொட்டகைக்கு எழுதிவிட்டதாகவும். பெரிய மனுஷர், ஒத்துக்கொண்டார். கடைசி வரியில், உங்கள் வழக்கறிஞர் யார் என்று கேட்டிருந்தார்.

"இன்னா எழுதட்டும்?" என்றார் மாடியம்மா.

"ஹவுஸ் ஓனர்னு எழுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

நிகழ்ச்சிப் புத்தகத்தில் என் பெயரைப் போட்டு நன்றி சொல்லக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அரசாங்க ஊழியர் பெயர் அந்நிய நாட்டு அச்சில் வந்தால் விளக்கம் கேட்பார்கள். செத்துப்போன ஒரு பிரெஞ்சுக்காரருக்கு எந்த விதியின்கீழ் வாரிசு விசாரணை நடத்தினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? மாடியம்மா ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஊருக்குப் போய், நாடகம் பார்த்து, புத்தகத்தோடும் வீடியோவோடும் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். குமாஸ்தா பதிவேட்டை மூடிவிட்டு எழுந்தபோது அந்தக் கொட்டகையே எழுந்து நின்று கைதட்டியது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் கொள்ளுத்தாத்தா பெயர், மீசைப் படத்தோடு. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. திருவண்ணாமலையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணிக்கு நன்றி. என் வீட்டுக்காரர் அதைத் தெருவில் உள்ள அத்தனை பேருக்கும் காட்டினார். எனக்குக் கூச்சமாக இருந்தது, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

அடுத்த நாள் திங்கட்கிழமை, நான் எங்கள் பதிவறைக்குப் போனேன். இருபத்தாறு வருடமாக என் மேசையிலிருந்து முப்பதடி தூரத்தில் எங்கள் கிணற்றின் பெயர்மாற்றக் கோப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. எல்லோரையும்போல மனு எழுதி, கட்டண வில்லை ஒட்டி, நகல் கேட்டேன். பதிவறைக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

பத்தொன்பது வயதில் படிக்காமல் விட்டதை ஐம்பத்தொன்றில் படித்தேன். மேற்படி கிணற்றையும் நிலத்தையும் மனுதாரர் பெயருக்கு மாற்ற எங்களுக்குச் சம்மதம். கீழே அம்மாவின் பெருவிரல் ரேகை. பக்கத்தில் என் கையெழுத்து, கல்லூரி மிடுக்கோடு, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு வேறு. சித்தப்பா எங்களிடம் சம்மதம் கேட்டிருக்கிறார். கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார். இத்தனை வருடம் எந்தக் கையெழுத்தை நினைத்துத் தலைகுனிந்தேனோ, கிணறு அப்பாவுடையது என்பதற்கு அரசாங்கக் கோப்பில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான். சித்தப்பாவும் இப்போது இல்லை. அவர் மகன் விவசாயம் பார்க்கிறான், பார்க்கட்டும். எனக்குக் கிணறு வேண்டாம்.

சாப்பாட்டு நேரத்தில், வேப்பமரத்தடியில் நின்று ஊருக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள்.

"அம்மா, அந்தக் காகிதத்த இன்னிக்குத்தான் படிச்சேன். அது அப்பா கிணறுதான். உன் கைநாட்டே சொல்லுது."

அந்தப் பக்கம் அவள் கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது.

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "நான் மண்ணு சுமந்த கிணறுடி அது. தெரிஞ்சிதான் கைநாட்டு வெச்சேன். நீதான் இத்தினி வருஷமா தப்பு பண்ணவ மாதிரி மூஞ்சிய தொங்கப் போட்டுனு இருந்த."